விக்கிக்கு ஷட்டர் போடாதே

கௌதம்,

நேற்று எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போன் செய்தாய். "அம்மா, புதன்கிழமை கமிட்டி. ஸ்கூலுக்கும் லைப்ரரிக்கும் சேர்த்து, பசங்க எழுதறதுக்கு ஒரு விக்கி எடுக்கப் போறாங்களாம். என்னையும் உக்கார வெச்சிருக்காங்க. எது நல்லது, ஒரே வார்த்தையில சொல்லு" என்றாய். உன் பின்னால் கண்டக்டர் "ஒளகே ஹோகி, ஒளகே ஹோகி" என்று எல்லோரையும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது உனக்குக் கேட்டிருக்காது, கேட்காததே நல்லது. திங்கட்கிழமை நூலகர் வேலைக்குச் சேருகிறவனைப் புதன்கிழமை கமிட்டியில் ஏன் உட்கார வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். புது ஆள் கேள்வி கேட்க மாட்டான், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவான். அந்த நம்பிக்கையில்தான்.

நாளை மறுநாள் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பி.ஜி. விடுதி அறைக்குப் போகிறாய். ஈஜிபுராவிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வேறு ஊர் இல்லை, ஆனால் அந்த மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் வேறு நாடு மாதிரித்தான் இருக்கிறது. உன் அப்பா கம்பெனி வண்டி ஓட்டுவதால் தினம் அந்த நாட்டுக்குப் போய் வருகிறார், வாசலோடு சரி. நீ உள்ளே போகிறாய். உன் புதுப் பள்ளியில் பெரிய சம்பளக்காரர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள், அதே அபார்ட்மென்ட்களில் பாத்திரம் கழுவுகிறவர்களின் பிள்ளைகளும் இலவச ஒதுக்கீட்டில் படிக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். இந்த இரண்டாவது கூட்டம் அந்தப் பள்ளியில் எழுதப் போகிறதா, இல்லை மற்றவர்கள் எழுதியதை வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகப் போகிறதா? புதன்கிழமை நீங்கள் முடிவு செய்யப்போவது அதைத்தான். மற்றதெல்லாம் வெறும் மென்பொருள். இதைப் பலரும் வாசிக்கும் இடத்தில் எழுதுகிறேன், ஏனென்றால் இப்படிப்பட்ட கமிட்டிகளில் வேறு பிள்ளைகளும் உட்கார வைக்கப்படுகிறார்கள்.

உன் தாத்தா கோலார் தங்கவயலில் பூமிக்கு அடியில் வேலை செய்தவர். அந்தச் சுரங்கத்தைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, நான் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். என் கைக்குக் கிடைத்தவை எல்லாம் மேலே நின்றவர்கள் எழுதியவை. கீழே இறங்கியவர்கள் அவற்றில் கூட்டமாக வருவார்கள், தலையில் விளக்கோடு, பெயர் இல்லாமல். வடாற்காட்டிலிருந்து யார் வந்தார்கள், பாறை வெடித்தால் முதலில் எந்தப் பக்கம் ஓட வேண்டும், எல்லாம் என் அப்பாவுக்குத் தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை, அவரும் எழுதவில்லை. இதற்காக அழுகிற ஆள் இல்லை நான். கோபப்படுகிற ஆள். பதினெட்டு வயதில் உன்னைப் பெற்று, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே தபாலில் பட்டம் படித்து, ஈஜிபுராவின் இந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தில் நூலகப் பொறுப்புக்கு வந்தபோது அந்தக் கோபத்தைத்தான் கூடவே கொண்டுவந்தேன்.

உனக்கு நினைவிருக்கும். ஏதோ ஒரு ஆபீஸ் தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர்கள் நூலக மூலையில் துணி போர்த்திக் கிடந்தன. தலைமை ஆசிரியை மேரி மிஸ்ஸும் நானும் சேர்ந்து அந்தத் துணியை எடுத்தோம். பழைய மாணவன் ஒருவன் இலவச விக்கி ஒன்றை இணையத்தில் நிறுவிக் கொடுத்தான். "இதுல யார் வேணா எழுதலாம், யார் வேணா திருத்தலாம். முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பழசும் அப்படியே இருக்கும்" என்றான். "அப்போ பரிட்சைப் பேப்பருக்கு நேர் எதிர்னு சொல்லு" என்றார் மேரி மிஸ். எனக்கு அந்த நிமிடமே அது பிடித்துவிட்டது. நம் வகுப்பறையில் பிள்ளை எழுதுவது கரும்பலகையில் ஏற்கெனவே இருப்பதை. இங்கே முதல் முறையாக ஒரு காலிப் பக்கம் அவர்களைப் பார்த்து, உனக்கு என்ன தெரியும் என்று கேட்டது. தெரிந்ததையெல்லாம் கொட்டினார்கள். எந்தக் குறுக்குத் தெருவில் எந்த நாய் துரத்தும், மழை வந்தால் எந்த வீட்டுக்குள் சாக்கடை வரும், சில்க் போர்டுக்கு எந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். தமிழில், கன்னடத்தில், உடைந்த இங்கிலீஷில். யாரும் சொல்லித் தராத பாடம், யாரும் அச்சடிக்காத புத்தகம்.

ஆனால் நூலகக்காரியின் கை எங்கே போகும்? சாவிக்குத்தான் போகும். நீயும் இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறாய், ஆகவே சொல்கிறேன். இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் நம் தலையில்தான் விழும். அதனால் யாரும் தொடாத புத்தகமே பத்திரமான புத்தகம் என்று நம் உடம்புக்குப் பழகிவிடுகிறது. கண்ணாடி அலமாரி, பூட்டு, இடுப்பில் கொத்துச் சாவி. நான் என்ன செய்தேன் தெரியுமா? தினமும் சாயங்காலம் அலமாரிகளைப் பூட்டிவிட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விக்கியின் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பூட்டினேன். காலையில் வந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். அப்போது பக்கங்கள் கொஞ்சம்தான், அதனால் அலுக்கவில்லை. ரொம்பப் பொறுப்பான வேலை செய்வதாகப் பெருமை வேறு.

ஒரு காலையில் ஏழாம் வகுப்பு ஷாஹீன் வந்து நூலக வாசலில் நின்றாள். உன்னைவிட இரண்டு வகுப்பு கீழே படித்தவள். அவள் அம்மா கார்மென்ட்ஸில் வேலை செய்பவர்.

"மிஸ், அம்மி டியூட்டி முடிஞ்சு வந்தப்புறம்தான் எனக்கு போன் கிடைக்கும். நான் எழுதப் போனா டெய்லி பூட்டியிருக்கு. கடைக்கு ஷட்டர் போடுவாங்க, சரி. விக்கிக்கும் ஷட்டரா மிஸ்?"

பக்கத்தில் நின்ற மேரி மிஸ் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த காபி என் வருகைப் பதிவேட்டில் கொட்டியது. அன்றோடு பூட்டு போயிற்று. வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிற பிள்ளைக்குப் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். அம்மாவின் போனுக்காகக் காத்திருக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம்தான் உலகம். இதை மனதில் வைத்துக்கொள். புதன்கிழமை யாராவது "பாதுகாப்பு" என்று சொன்னால், யாரிடமிருந்து யாரைப் பாதுகாக்கிறோம் என்று கேள். பிள்ளைகளின் போன் நம்பரும் படமும் வீட்டு முகவரியும் விக்கியில் ஏறக் கூடாது, சொந்தப் பெயருக்குப் பதில் ஒரு பயனர் பெயர் போதும். அது பாதுகாப்பு. பிள்ளை எழுதாமல் தடுப்பது பாதுகாப்பு இல்லை, சோம்பேறித்தனம்.

பூட்டை எடுத்ததும் சண்டை வந்தது. வராமல் எப்படி? அந்தச் சண்டையில் முதல் ஆள் நீ. "எங்கள் தெருவின் தண்ணீர்" என்ற பக்கத்தில் ஷாஹீன், டேங்கர் முதலில் பெரிய அபார்ட்மென்ட்டுக்குப் போய்விட்டு மீதி நேரத்தில்தான் நம் தெருவுக்கு வருகிறது என்று எழுதினாள். டேங்கர் ஓட்டுகிறவர் உன் சித்தப்பா. நீ பொங்கிப்போய் அந்தப் பத்தியை அழித்தாய். அவள் திரும்பப் போட்டாள். நீ திரும்ப அழித்தாய். இடைவேளையில் நூலகத்துக்குள்ளேயே மோதல்.

"எங்க சித்தப்பா பத்தி நீ ஏன் எழுதற?"

"உன் சித்தப்பா பேரு எங்க இருக்கு? டேங்கர்னுதான் இருக்கு. படிச்சுட்டு அழி. படிக்காமலே அழிக்கறான் பாருங்க மிஸ்!"

கன்னட ஆசிரியை சாவித்ரி மேடம், "சும்னே எதுக்கு ரகளை? பக்கத்தை லாக் பண்ணிடுங்க" என்றார். மேரி மிஸ் மறுத்துவிட்டார். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் பேசுவதற்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. "அழிக்கறதுக்கு முன்னாடி அங்க போய் ஏன்னு எழுதுங்க. கண்ணால பார்த்தேன்னு எழுது, இல்ல யார் சொன்னாங்கன்னு எழுது, இல்ல புக்கோட பேரும் அலமாரி நம்பரும் எழுது. எனக்குத் தோணுதுன்னு மட்டும் எழுதாதே" என்றார். நீங்கள் இரண்டு பேரும் காலையில் அபார்ட்மென்ட் கேட்டுக்கு எதிரே போய் நின்றீர்கள். டேங்கர் முதலில் உள்ளேதான் போனது. உன் சித்தப்பாவிடமே கேட்டாய். "ஆபீஸ்ல எங்க போகச் சொல்றாங்களோ அங்க போறேன் கண்ணு. அவங்க மாசக் கணக்கு" என்றார் அவர். அந்தப் பக்கத்தின் கடைசி வரியை நீதான் எழுதினாய்: ஓட்டுநர் வழியைத் தீர்மானிப்பதில்லை, மாதப் பணம் தீர்மானிக்கிறது. உன் வயதில் எனக்கு அந்த வரி எழுத வந்திருக்காது. நீ கோபத்தில் அழித்ததும் இன்றுவரை அந்தப் பக்கத்தின் வரலாற்றில் இருக்கிறது, அவள் திரும்பப் போட்டதும் இருக்கிறது. யாரும் வெட்கப்படத் தேவையில்லை. தப்பாக எழுதிய பிள்ளை சரியாக எழுதுகிறவரை காத்திருக்கிற பொறுமை நம் பள்ளிக்கூடங்களுக்குக் கிடையாது, விக்கிக்கு இருந்தது.

எல்லாமே வெற்றி என்று கதை விட மாட்டேன். சமூக அறிவியல் சார் ஒருவர், எத்தனை தடவை திருத்துகிறார்களோ அத்தனை மதிப்பெண் என்று அறிவித்தார். பசங்கள் நாள் முழுக்க ஒரு கமாவைப் போட்டார்கள், எடுத்தார்கள், போட்டார்கள். இலவசம் என்பதும் சும்மா வருவதில்லை. குப்பை விளம்பரம் வந்து விழும், துடைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மொத்தத்தையும் நகல் எடுத்து வைக்க வேண்டும். ஆடு வளர்த்தால் மேய்க்க ஆள் வேண்டும், விக்கிக்கும் அப்படித்தான். கமிட்டியில் எதை வாங்குவது என்று மட்டும் பேசுவார்கள். யார் மேய்ப்பது, அந்த ஆளுக்கு வாரத்தில் எந்த நேரம் ஒதுக்கப்படும் என்று நீ கேட்டுவிடு. இல்லையென்றால் அதுவும் உன் தலையில் இலவசமாக விழும்.

இனி நீ பார்க்காத பகுதி. நீ அப்போது பி.யூ. இரண்டாம் ஆண்டில், அதாவது பன்னிரண்டாம் வகுப்பில், பரிட்சை, பரிட்சை என்று அலைந்துகொண்டிருந்தாய். பள்ளியின் கரஸ்பாண்டன்ட் ஒரு நாள் ரொம்ப சந்தோஷமாக வந்தார். ஒரு கம்பெனி தன் சமூகப் பணிக் கணக்கில் புத்தம் புது விக்கி தருகிறதாம், முதல் வருடம் இலவசமாம். நம் பழைய விக்கி "அசிங்கமா, தெருச் சண்டை மாதிரி" இருப்பதால் அதை மூடிவிடலாமாம். கமிட்டி கூட்டப் போவதாகவும் சொன்னார். ஆனால் கமிட்டி கூடுவதற்கு முன்பே திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்டு, சால்வை வாங்கி, பேனரும் அடித்தாகிவிட்டது. நம் ஊர்த் தேர்வு முறை அது. முதலில் மாலை, பிறகு மாப்பிள்ளை.

பிள்ளைகள் மூன்று வருடமாக எழுதியது விழா நடக்கும் சனிக்கிழமையோடு போய்விடும். கூச்சல் போட்டால் வேலைதான் போகும் என்று எனக்குத் தெரியும். ஆகவே கமிட்டிக்கு ஷாஹீனைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. "பொண்ணு எதுக்கும்மா?" என்றார் கரஸ்பாண்டன்ட். "எழுதப்போறது அவதானே ஸார்" என்றேன். கம்பெனியிலிருந்து கழுத்தில் அடையாள அட்டைப் பட்டை தொங்க ஒரு பையன் வந்திருந்தான், நம் பக்கத்துத் தமிழ்ப் பையன்தான். பெரிய திரையில் மீன் நீந்தியது, நட்சத்திரம் பறந்தது.

"குழந்தைங்க பேட்ஜ் சம்பாதிக்கலாம் மேடம். லீடர்போர்டுகூட இருக்கு."

"இருக்கட்டும் தம்பி. இந்தப் பொண்ணு ஒரு பக்கம் எழுதட்டும்" என்றேன்.

"இது டெமோ மேடம், எழுதறதுக்கு இல்ல."

"எழுதறதுக்கு இல்லாத விக்கியா?" என்றார் மேரி மிஸ். பையன் விலகி நாற்காலியைக் கொடுத்தான்.

ஷாஹீன் கன்னடத்தில் ஒரு வரி அடித்தாள், வந்தது. தமிழில் ஒரு வரி நான் அடித்தேன், எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது என்று வந்தது.

"யாரோட ஒப்புதல் தம்பி?"

"அட்மின், மேடம்."

"அட்மின் யாரு?"

அவன் கரஸ்பாண்டன்ட்டைப் பார்த்தான். கரஸ்பாண்டன்ட் திடுக்கிட்டார். "நான் எங்கம்மா இதெல்லாம் உக்காந்து படிச்சுக்கிட்டு இருப்பேன்?"

"அதான் ஸார் எனக்கும் கவலை" என்றேன்.

அந்த வரியைத் திருத்தச் சொன்னேன், திருத்தினாள். முன்பு இருந்ததைக் காட்டு என்றேன். பழையது இல்லை. பேசுவதற்கான பக்கமும் இல்லை. கடைசியாக என் கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இப்ப நாங்க உள்ள போட்டதை எல்லாம் இதுல போட்டுக் குடு தம்பி. நாளைக்கு உங்க கம்பெனியை மூடிட்டா எங்க பிள்ளைங்க எழுதினது எங்ககிட்ட இருக்கணும்ல?"

"அது இந்தப் பிளான்ல இல்ல மேடம்."

"அப்போ உள்ள போக மட்டும்தான் வழி, வெளிய வர வழி இல்ல" என்றார் மேரி மிஸ். "எலிப்பொறியும் அப்படித்தான் தம்பி. மசால்வடை நல்லாத்தான் இருக்கும்."

அந்தப் பையனே சிரித்துவிட்டான். பாவம், அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அவனும் சம்பளத்துக்கு மசால்வடை சுமக்கிறவன். கரஸ்பாண்டன்ட் மட்டும் சிரிக்கவில்லை. "பேனர் அடிச்சாச்சே" என்றார் ஈனக்குரலில். பேனரில் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று மேரி மிஸ் கேட்டார். இல்லை, 'டிஜிட்டல் நூலகத் திறப்பு விழா' என்று மட்டும் இருக்கிறதாம். "அப்போ என்ன ஸார் பிரச்சினை? நம்மகிட்டதான் ஒண்ணு இருக்கே. அதைத் திறப்போம். பேனர் பொய் சொல்லலை, தேதி மட்டும் கொஞ்சம் லேட்டு." பிறகு கரஸ்பாண்டன்ட், "சால்வை வீணாகாதுல்ல?" என்றார். நாம் ஜெயித்துவிட்டோம் என்று எனக்குப் புரிந்தது.

விழா அன்று இன்னொன்று நடந்தது. சிறப்பு விருந்தினர் அந்தப் பகுதியின் அரசியல் பெரிய மனிதர், நல்ல உயரம், வெள்ளை உடை. நம் விக்கியில் அன்றைய முதல் வரியை அவர் எழுதுவதாக ஏற்பாடு. அவர் தன் பெயரில் நுழைந்து, 'எங்கள் தெருவின் தண்ணீர்' பக்கத்தைத் திறக்கச் சொல்லி, இரண்டு விரலால் கன்னடத்தில் அடித்தார்: இந்தப் பகுதியில் எல்லா வீட்டுக்கும் தினமும் காவேரி நீர் வருகிறது. கைதட்டல். பெற்றோர்கள்கூடத் தட்டினார்கள், காலி குடத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள். கம்ப்யூட்டரை இயக்க ஷாஹீனைத்தான் மேடையில் நிறுத்தியிருந்தோம். அவள் என்னைப் பார்த்தாள். அவள் திருத்தினால் பள்ளிக்கு என்ன ஆகும், எனக்கு என்ன ஆகும், எல்லாம் என் மனதில் ஓடியது. திருத்தாவிட்டால் நாங்கள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பொய். திருத்து என்று நான் தலையை ஆட்டினேன்.

அவள் உட்கார்ந்து, எல்லோரும் பெரிய திரையில் பார்க்கப் பார்க்க, அந்த வரியைத் திருத்தினாள். சில தெருக்களுக்கு மட்டும் வருகிறது, எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள். காரணம் என்ற கட்டத்தில், "கண்ணால் பார்த்தது. காலையில் குடத்தோடு நிற்பது நான்" என்று அடித்துச் சேமித்தாள். கரஸ்பாண்டன்ட்டின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெரிய மனிதர் திரையைக் குனிந்து பார்த்தார். "பாரி ஜோரிதாளே ஹுடுகி" என்றார். பெண் ரொம்பத்தான் ஜோர் என்று. பிறகு நம் மக்களுக்காகத் தமிழில் கேட்டார். "நான் எழுதினது போச்சாம்மா?"

"போகல ஸார். வரலாறுல உங்க பேரோட அப்படியே இருக்கும். யாராலயும் அழிக்க முடியாது."

பின்வரிசையில் ஒரு அம்மா முதலில் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது, தட்டியது, விசில் அடித்தது. இந்த முறை தட்டியது அவருக்காக இல்லை என்று அவருக்கே தெரியும், விவரமான ஆள், தானும் சேர்ந்து தட்டிவிட்டார். தண்ணீர் அடுத்த நாளே தினமும் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், வரவில்லை. ஆனால் அதன் பிறகு நம் விக்கியை மூடுவது பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கத்தில் இப்போது பிள்ளைகளோடு பெற்றோர்களும் எழுதுகிறார்கள். ஷாஹீனின் அம்மியும் எழுதுகிறார், எழுத்துப் பிழைகளோடு, கார்மென்ட்ஸ் பஸ்ஸில் உட்கார்ந்து. திருத்திக் கொடுக்க அந்தத் தெருவே இருக்கிறது.

ஆக, நீ கேட்ட ஒரு வார்த்தை என்னிடம் இல்லை. புதன்கிழமை தனியாகப் போகாதே. அந்த இலவச ஒதுக்கீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போ. கூடுதலாக ஒரு நாற்காலி கேள், தராவிட்டால் உன் நாற்காலியைக் கொடுத்துவிட்டு நீ நின்றுகொள். அவள் எழுதட்டும், தன் மொழியில். அவள் எழுதியதை இன்னொருவர் திருத்தட்டும், பழையது இருக்கிறதா பார். அவள் அம்மாவின் போனில் அது திறக்கிறதா பார். உன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். நம் பள்ளி விக்கி முழுவதும் அதில் இருக்கிறது, நீ அழித்ததும் சேர்த்து. அதை உள்ளே போட முடியுமா, போட்டதைத் திரும்ப வெளியே எடுக்க முடியுமா என்று கேள். இரண்டும் முடிந்தால் கையெழுத்துப் போடு, அது பளபளப்பாக இருந்தாலும் சரி, அசிங்கமாக இருந்தாலும் சரி. முடியாது என்றால் போடாதே. முதல் வாரமே கெட்ட பெயர் வருமே என்று யோசிக்காதே. கெட்ட பெயரோடு நம் வீட்டில் மூன்று தலைமுறை நன்றாகவே வாழ்ந்திருக்கிறோம்.

இன்னொரு செய்தி. இன்று காலை நம் விக்கியில் பழைய மாணவர்கள் பக்கத்தில் உன் பெயருக்கு நேரே "நூலகர், எலெக்ட்ரானிக் சிட்டி" என்று சேர்த்தேன். காபி போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறேன், அதற்குள் ஷாஹீன் அதை எடுத்துவிட்டாள். இப்போது பி.காம். கடைசி வருடம் படிக்கிறாள், பழக்கம் மட்டும் போகவில்லை. காரணம் கட்டத்தில் எழுதியிருக்கிறாள்: "இன்னும் சேரவில்லை. சேர்ந்த பிறகு அவனே வந்து எழுதட்டும்."

திங்கட்கிழமை வந்து எழுது.

அம்மா